முன்மொழிந்தவள்

காலை ஐந்து மணிக்கெல்லாம் எங்கள் சலவை ஆலையில் துணி தேய்க்கிற ரோலர் சூடேறி நிற்கும். ஆள் நீளத்துக்கு மூன்று இரும்பு உருளைகள், ஒன்றையொன்று உரசிக்கொண்டு சுற்றும். ஈர விரிப்பின் ஒரு முனையை நானும் மறுமுனையை என் ஜோடிக்காரியும் பிடித்து, சுருக்கம் விழாமல் இழுத்து, உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். கொடுத்த கையை உடனே எடுத்துவிட வேண்டும். நிமிஷத்துக்கு நாலு விரிப்பு. ஆஸ்பத்திரி விரிப்பு நனைந்தால் கைப்பிள்ளை கனம் கனக்கும். ஆவியில் புருவம் நனைந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கும், துடைத்துக்கொள்ளக் கை காலியாக இருக்காது. வெளுப்புத் தூளின் காரம் மூக்கில் ஏறிவிட்டால் ஏழு மணி டீயிலும் அதே வாசனைதான் வரும். பதினோரு வருஷமாக இதுதான் என் காலை.

அன்றைக்கு என் கை நடுங்கியது. ரோலர் முன்னால் கை நடுங்குவது நல்லதற்கல்ல. எதிரே நின்ற புது ஜோடிக்காரி பார்த்துவிட்டாள்.

"என்னக்கா, காய்ச்சலா?"

"ஒண்ணுமில்லடி. துணியைப் பாரு."

காய்ச்சலாவது மண்ணாவது. பயம். பத்து மணிக்கு நகரசபை அலுவலகத்தில் வேட்புமனுக்களைப் பரிசீலிக்கப் போகிறார்கள். எங்கள் வார்டுக்குப் பதினைந்து வருஷமாக ஒரே கவுன்சிலர், எங்கள் முதலாளியின் மச்சினன். எதிர்த்து நிற்க ஆளில்லாமல், ஓட்டே போடாமல் ஜெயித்துக்கொண்டிருந்தவர். இந்தத் தடவை ஒருத்தி எதிர்த்து மனு போட்டிருக்கிறாள். மனுவை முன்மொழிய அதே வார்டில் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேரும் இந்தச் சலவை ஆலையில் கூலி வாங்குகிறவர்கள். பட்டியலில் முதல் ஆள் நான்.

அவளுடைய சொந்தப் பெயரைச் சொன்னால் ஆலையில் பாதிப் பேருக்குத் தெரியாது. நெட்டையக்கா என்றால்தான் தெரியும். வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். நான் குட்டை. ஒன்பது வருஷம் இதே ரோலரில் நாங்கள் இரண்டு பேரும் ஜோடி. நெட்டையும் குட்டையும் பிடித்தால் விரிப்பு கோணிக்கொள்ளும் என்று சூப்பர்வைசர் முதல் நாளே சொன்னான். ஒரு நாளும் கோணியதில்லை. அவள் முழங்காலைக் கொஞ்சம் மடித்துக்கொள்வாள், நான் ஒரு சோப்புப் பெட்டி மேல் ஏறிக்கொள்வேன், கணக்குச் சரியாகிவிடும்.

ரோலரின் வாய்க்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருக்க வேண்டும். அதில் விரல் பட்டால் மெஷின் நின்றுவிடும். வாங்கி வந்தபோது இருந்தது. ஈரத் துணி தட்டினாலும் மெஷின் நிற்கிறது, வேலை கெடுகிறது என்று முதலாளி அதைக் கழற்றி மூலையில் சாத்தி வைத்தார். ஆறு வருஷம் கம்பி இல்லாமல்தான் ஓட்டினோம். போன மழைக்காலத்தில் ஒரு நாள், விரிப்பின் ஓரத்து நூல் பிரிந்து நெட்டையக்காவின் விரலைச் சுற்றிக்கொண்டது. சிவப்புப் பொத்தான் என் பக்கத்திலிருந்து ஏழெட்டு அடி தள்ளி இருந்தது. ஓடினேன். நான் போய் அமுக்குவதற்குள் அவளுடைய வலது கையில் கட்டைவிரலைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை.

துணி ஏற்றுகிற வண்டியில்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், தேய்த்துக் கட்டிய மூட்டைகளின் மேல் உட்காரவைத்து. மறுநாள் அந்த மூட்டைகள் எங்களிடமே சலவைக்குத் திரும்பி வந்தன. நான்தான் அலசினேன்.

இனி சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். விபத்து நடந்த மூன்றாம் நாள் முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். 'தடுப்புக் கம்பி மெஷினில்தான் இருந்தது; அந்தப் பெண்ணே அதைத் தூக்கிவிட்டுக் கையை விட்டாள்; பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்தேன்' என்று எழுதியிருந்தது. ஆலைக்குப் பின்னால் முதலாளியின் லைன் வீடுகள் இருக்கின்றன. அதில் ஒன்றில்தான் நான், என் வீட்டுக்காரர், பள்ளிக்கூடம் போகிற என் மகள் மூவரும் குடியிருக்கிறோம். "வீடு ஒழுகுதாமே, சரி பண்ணச் சொல்லட்டுமா, இல்ல காலி பண்றீங்களா?" என்று மட்டும் கேட்டார். படிக்காமல் போட்டுவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். இரண்டு தடவை படித்தேன். படித்துவிட்டுத்தான் என் அடையாளத்தைப் போட்டேன். விபத்துக்கு அவளே காரணம் என்று முடிவாகி, அவளுக்கு நஷ்டஈடும் கிடைக்காமல், ஆலையிலும் இடமில்லாமல் போயிற்று. பள்ளிக்கூட வாசலில் பென்சிலும் ரப்பரும் விற்கிறாள். யாரோ சாட்சி சொல்லியிருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். யார் என்று தெரியாது.

அப்படிப்பட்டவள் மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"குட்டை, நான் கவுன்சிலருக்கு நிக்கப் போறேன்டி."

எங்கள் ஆலையின் பாய்லர்காரர் அப்போது அங்கேதான் இருந்தார். என் வீட்டுக்காரர் சைக்கிள் ரிப்பேர் செய்கிறவர், அவரிடம் டியூப் ஒட்டிக்கொள்ள வந்திருந்தார். "நிக்காமலே நிலைப்படி இடிக்குது. நீ வேற நின்னு யாரு தலைய உடைக்கப் போற?" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. ஒன்பது மாதமாக ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கியதில் அவள் ஒன்றைத் தெரிந்துகொண்டிருந்தாள். "நம்ம ஆலைய ஓட்ட வருஷா வருஷம் நகரசபைதான் அனுமதி குடுக்குது. குடுக்குறதுக்கு முன்னாடி ஆள் வந்து மெஷினைப் பாக்கணும். உங்களுக்குத் தெரிஞ்சு எவனாச்சும் வந்து பாத்திருக்கானா? ஆனா 'பார்த்தேன், சரியா இருக்கு'ன்னு வருஷா வருஷம் கையெழுத்து இருக்கு. அதுக்குப் பக்கத்துலயே கவுன்சிலர் கையெழுத்து. என் கண்ணால பாத்தேன். என் விரல் போன வருஷமும் இருக்கு."

இடது கையால் எழுதப் பழகியிருந்தாள். மனுவை அவளே நிரப்பினாள். படிப்பு என்ற இடத்தில் ஒன்பதாம் வகுப்பு என்று எழுதினாள். தொழில் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'சலவைத் தொழிலாளி' என்று எழுதினாள். "இப்ப பென்சில்தான விக்கிற?" என்றேன். "அது பொழைப்பு. தொழில் இதுதான்" என்றாள். என்ன செய்வாய் என்று ஜனங்கள் கேட்டால் சொல்ல ஒரு தாளில் மூன்றே விஷயம் எழுதி வைத்திருந்தாள். வார்டில் எந்தப் பட்டறைக்கும் ஆலைக்கும் அனுமதி கொடுப்பதற்கு முன், அங்கே வேலை செய்கிறவர்கள் முன்னிலையில் மெஷினைப் பார்க்க வேண்டும். லைன் வீடுகளின் வாசலில் ஓடுகிற வெந்நீர்ச் சாக்கடையை மூட வேண்டும். அடிபட்டால் கட்டுப்போட வார்டுக்குள்ளேயே ஒரு நர்சு இருக்கிற அறை வேண்டும், துணி வண்டியில் போகக் கூடாது. நாலாவதாக ஏதாவது சேர்த்துக்கொள் என்று பாய்லர்காரர் சொன்னார். "இந்த மூணே அஞ்சு வருஷத்துல முடியாது. பொய் சொல்லி ஓட்டு வாங்கவா?" என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "மொதல்ல நீதான் முன்மொழியணும். ஒன்பது வருஷம் எதிர்த்தாப்ல நின்னவ நீ. உன்னைவிட என்னைத் தெரிஞ்சவ யாருடி?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, அடைத்தே விட்டது. மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் மனுவில் முதலில் போட்டேன்.

அங்கேதான் தப்பு நடந்தது. எங்களைத் தவிர வேறு யாரும் செய்யாத தப்பு. தேய்த்த ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு சீட்டு வைப்போம், யார் தேய்த்தது என்று தெரிய. ஈரக் கையோடு பெயர் எழுத முடியுமா? ஆளுக்கொரு அடையாளம் வைத்துக்கொண்டோம். எனக்கு இரண்டு கோடு, குறுக்கே ஒரு கோடு. பாய்லர்காரருக்கு வட்டம், நடுவில் புள்ளி. வருகைப் பதிவேட்டிலும் அதுதான். பேனாவைக் கையில் கொடுத்து இங்கே போடு என்றால் எங்கள் கை தானாக அதைத்தான் போடும். பத்துப் பேரும் மனுவில் அதையே போட்டுவிட்டோம். நெட்டையக்காவுக்கும் வித்தியாசமாகப் படவில்லை. பெயரைவிட அந்தக் கீறல்களை வைத்துத்தான் அவளுக்கு எங்களைத் தெரியும்.

பதினோரு மணிக்குக் கேட்டருகே அவள் குரல் கேட்டது. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள். கவுன்சிலரின் வக்கீல் ஆட்சேபணை சொல்லியிருக்கிறார். இவை கையெழுத்தே இல்லை, கோழி கிளறியதுபோல் இருக்கிறது, இந்தப் பத்துப் பேரும் மனுவைப் பார்த்தேயிருக்க மாட்டார்கள் என்று. தேர்தல் அதிகாரி ஒரு வழி விட்டிருக்கிறார். மூன்று மணிக்குள் பத்துப் பேரும் நேரில் வந்து, அவர் கண்ணெதிரே அதே அடையாளத்தைப் போட்டு 'என்னுடையதுதான்' என்று சொன்னால் மனு நிற்கும். ஒரு ஆள் குறைந்தாலும் விழுந்துவிடும்.

செய்தி ஆலைக்குள் பரவுவதற்குள் விசில் கேட்டது. எங்கள் சூப்பர்வைசருக்கு விசில் என்றே பெயர். வாயால் கூப்பிட்டால் மரியாதை குறைந்துவிடும் என்று கழுத்தில் ஒன்றை மாட்டிக்கொண்டு ஊதுவான். என்னைப் பார்த்து ஊதினான்.

"மொதலாளி கூப்புடுறாரு."

அறையில் முதலாளி, "உக்காரு" என்றார். பதினோரு வருஷத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னதில்லை. நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தேன். மேஜையில் அந்தச் சாட்சிக் காகிதம் இருந்தது.

"இது யாரு போட்டது?"

"நான்தாங்க."

"நல்லது. இப்ப நீ அங்க போயி இதையே போட்டா, வக்கீல் இந்தக் காகிதத்தை எடுத்து எல்லார் முன்னாடியும் படிப்பாரு. அந்தப் பொம்பளையும் அங்கதான் இருப்பா. எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோ. உனக்கு எதுக்கு அந்த அசிங்கம்? அந்த மனுவுல இருக்குறது என் அடையாளமே இல்லன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துடு. உன் வீடு உன்னுது, உன் வேலை உன்னுது."

பயத்தில் வாய் என்னமோ உளறியது. "மனுவுல இருக்குறது என்னுது இல்லன்னு சொன்னா, அதே மாதிரிதான இங்கயும் இருக்கு... அப்போ இதுவும் என்னுது இல்லன்னு ஆயிடாதுங்களா?"

சத்தியமாகச் சொல்கிறேன், கெட்டிக்காரத்தனத்தில் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டேன். முதலாளி என்னையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். காகிதத்தை மடித்து இழுப்பறைக்குள் போட்டார்.

"நீ ஒண்ணும் எழுத வேணாம். எங்கயும் போகவும் வேணாம். மூணு மணி வரைக்கும் ரோலர்கிட்டயே நில்லு. அவ்ளோதான் நான் சொல்றது."

"சரிங்க" என்றேன்.

திரும்பி வந்து விரிப்பைப் பிடித்தேன். ஒன்றுமே செய்யாமல் நின்றால் போதும், எல்லாம் தப்பிக்கும் என்று மனசு சொன்னது. வீடு தப்பிக்கும். மகளின் படிப்பு தப்பிக்கும். என் பொய்யும் தப்பிக்கும். நெட்டையக்கா பென்சில் விற்பாள், இன்னும் அஞ்சு வருஷம் எவனும் வந்து மெஷினைப் பார்க்க மாட்டான். அவ்வளவுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதிரே புது ஜோடிக்காரியின் விரல்கள் உருளையின் வாய்வரை போய்ப் போய்த் திரும்பின. சின்னச் சின்ன விரல்கள்.

ஒன்றரை மணிக்கு ரோலரின் சூடு குறைந்தது. ஆவி சீறுகிற சத்தம் மெல்ல அடங்கியது. விசில் பாய்லர் அறைக்கு ஓடினான். பாய்லர்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"யாரைக் கேட்டு அணைச்ச?"

"யாரைக் கேக்கணும்? நான் நகரசபைக்குப் போறேன். ஆளில்லாம பாய்லரை எரியவிட்டா வெடிக்கும். உன் சுவத்துலதான் எழுதித் தொங்கவிட்டிருக்க. படிச்சுப் பாரு."

ஆவி இல்லையென்றால் ஆலை இல்லை. தொட்டிகள் நின்றன, ரோலர் நின்றது. நாற்பது பேரும் முற்றத்துக்கு வந்தார்கள். முன்மொழிந்தவர்களில் ஒன்பது பேர் கேட்டுக்கு முன்னால் போய் நின்றார்கள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. பாய்லர்காரர்கூட வாயில்தான் வீரம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விரலை முறுக்கிக்கொண்டிருந்தார். கேட் பூட்டியிருந்தது. வெளியே கம்பிக்கு அந்தப் பக்கம் நெட்டையக்கா நின்று ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

முதலாளி படியிறங்கி வந்தார். "ஆஸ்பத்திரித் துணி ரெண்டு மணிக்குப் போகணும். நோயாளி படுக்க விரிப்பில்லாம கெடந்தா அந்தப் பாவம் உங்க தலைலதான்."

"துணி கட்டி ரெடியா இருக்குதுங்க" என்றாள் மடிக்கிற பெண் ஒருத்தி. "ரெண்டு மணி நேரத்துல வந்துடுவோம். போட்டுட்டு வர்றதுதான்."

"போனவங்க போனவங்கதான். உள்ள வர முடியாது. லைன் வீட்டுச் சாவியையும் குடுத்துட்டுப் போங்க."

"என் விரல் போனப்ப நீங்க சாவி எதுவும் கேக்கலியே" என்று வெளியிலிருந்து நெட்டையக்கா சொன்னாள். "வாசலோடயே அனுப்பிட்டீங்க."

"உன் விரல் உன் அஜாக்கிரதைல போச்சு. சாட்சி இருக்கு."

"யாரு அந்தச் சாட்சி? பேரைச் சொல்லுங்க, நானும் கும்புட்டுக்கிறேன்."

முதலாளி கூட்டத்துக்குள் என்னைத் தேடி, என் மேல் கண்ணை வைத்தார். சொல்லவா, நிற்கிறாயா என்று அந்தக் கண் கேட்டது. எல்லாருக்கும் பின்னால் தூண் மறைவில் நின்றிருந்தேன். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று ஊரில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். வெள்ளம் மூக்குக்கு வரும்போது தெரியும் சாணும் முழமும். அவர் வாயால் அவள் கேட்கக் கூடாது என்று மட்டும் எனக்குத் தோன்றியது. அது ஒன்றுதான் தோன்றியது. எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை, கேட்டுக் கம்பிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா, நான்தான்."

"என்னடி?"

"அந்தச் சாட்சி. கம்பி இருந்துச்சு, நீயே தூக்கிவிட்டுட்டுக் கைய விட்டன்னு எழுதுன காகிதத்துல போட்டது நான்தான். வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாருன்னு பயந்து போட்டேன். படிச்சுட்டுத்தான் போட்டேன்."

நெட்டையக்கா என்னைப் பார்த்தாள். அடித்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், நடுவில் கேட் இருந்தது. அவளுடைய இடது கை கம்பியைப் பிடித்திருந்தது.

"மணி என்ன?" என்று கேட்டாள்.

"ரெண்டாகப் போகுது" என்றார் பாய்லர்காரர்.

"இப்ப பத்துப் பேரு வேணும். இவளையும் சேத்தாத்தான் பத்து." என் பக்கம் திரும்பவே இல்லை. "மீதிய அப்புறம் பேசிக்கிறேன்."

அப்போது ஆஸ்பத்திரி வண்டி வந்து ஹாரன் அடித்தது. வண்டிக்குக் கேட்டைத் திறக்காமல் முடியாது. திறந்தால் நாங்கள் போய்விடுவோம். விசில் முதலாளியைப் பார்த்தான், முதலாளி வண்டியைப் பார்த்தார். ஹாரன் விடாமல் அடித்தது. விசில் திறந்தான். வண்டிக்காரர் முன்சக்கரத்தை மட்டும் உள்ளே விட்டுவிட்டு, கேட்டை மூட முடியாதபடி நிறுத்தினார். எட்டிப் பார்த்து, "ஆளுங்க போகட்டும். இடிச்சுட்டா நான்தான பதில் சொல்லணும்?" என்றார். வண்டிக்கும் தூணுக்கும் நடுவில் ஒவ்வொருவராக உடம்பைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தோம். பத்துப் பேர்தான் போக வேண்டும். திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே இன்னும் சிலர் வந்துகொண்டிருந்தார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

தேர்தல் அதிகாரியின் அறையில் மின்விசிறி கடகடவென்று ஓடியது. எங்கள் மேல் வீசிய வெளுப்புத் தூள் வாசனைக்கு அவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். முதல் பெயர் என்னுடையது. வக்கீல் கையில் ஒரு காகிதம் இருந்தது. நாங்கள் வருவதற்குள் முதலாளி அந்தச் சாட்சிக் காகிதத்தை ஆள் விட்டுக் கொடுத்தனுப்பிவிட்டார்.

"ஐயா, இந்தப் பெண்மணி இதே வேட்பாளருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர். இவர் எப்படி..."

"அது பொய்ச் சாட்சிங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "அந்த அடையாளமும் என்னுதுதான், மனுவுல இருக்குறதும் என்னுதுதான். அதுல இருக்குறது பொய். இதுல இருக்குறது நெசம்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "நீங்க சொல்றது என்னன்னு புரிஞ்சுதான் சொல்றீங்களா? பொய்ச் சாட்சின்னா உங்க மேலயே கேஸ் வரலாம்."

"புரியுதுங்க."

"அது இங்க விசாரிக்கிற விஷயம் இல்ல. இந்தத் தாள்ல போடுங்க."

போட்டேன். கோடு நடுங்கித்தான் விழுந்தது, ஆனால் விழுந்தது. என் பின்னால் பாய்லர்காரர், அவர் பின்னால் மடிக்கிறவள், தொட்டிக்காரர், மூட்டை கட்டுகிறவள். மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பத்தாவது ஆளும் போட்டு முடித்தார். அதிகாரி மனுவில் முத்திரை குத்தி, "ஏற்கப்பட்டது" என்றார். எங்களுக்குக் கைதட்டக்கூடத் தோன்றவில்லை. வக்கீல் என் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு போனார்.

படியிறங்கும்போது என் வீட்டுக்காரர் கிரீஸ் கையோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். விசில் அதற்குள் லைன் வீட்டுக்குப் போய், மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டானாம். "என்னடி பண்ணிட்டு வந்திருக்க?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், பொய்ச் சாட்சி உட்பட. அவருக்கும் அதுவரை தெரியாது. கொஞ்ச நேரம் சைக்கிள் மணியைக் காரணமில்லாமல் துடைத்தார். "ஒரு வருஷமா நீ ராத்திரில தூங்காததுக்கு இதுதான் காரணமா?" என்றார். திட்டவில்லை. திட்டாததில்தான் எனக்கு அழுகை வந்தது.

நெட்டையக்கா கடைசிப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, என்னை மன்னி..."

"கேக்காதடி. கேட்டா வாய் தவறிக் குடுத்துடுவேன். மனசு இன்னும் வரல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒன்பது வருஷம் எதிர்த்தாப்ல நின்னியேடி."

நான் அந்தப் படிக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"நான் போய் ஒவ்வொரு வீட்டுலயும் கம்பி இல்லன்னு சொன்னா, விரல் போனவ புலம்புறான்னுதான் சொல்லுவாங்க. நீ சொல்லணும். நான் ஏறி இறங்குற ஒவ்வொரு வாசல்லயும் என்கூட நின்னு, நீ பண்ணதை நீயே உன் வாயால சொல்லணும். ஊர் காறித் துப்பும். துப்புனா தொடச்சுக்கோ. வர்றியா?"

"பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான்டி. யாருக்கு இல்ல?"

மறுநாள் விடியும்போது ஆலையின் கேட்டில் பத்துப் பேர் பெயரை எழுதி ஒட்டியிருந்தார்கள். மற்றவர்கள் உள்ளே போகலாம் என்று விசில் ஊதினான். பாய்லர்காரர் இல்லாமல் பாய்லரை யார் பற்றவைப்பார்கள் என்று பார்ப்பதற்காகவோ என்னவோ, பதினாறு பேர் உள்ளே போகாமல் எங்களோடு வெளியே நின்றார்கள். வேறு எங்கிருந்தோ ஒரு பாய்லர்காரரை வேனில் அழைத்துவந்தார்கள். கொஞ்ச நேரத்தில் புகை எழுந்தது. வெளியே நின்ற பதினாறில் ஒருவரும் உள்ளே போகவில்லை.

"வாங்க, இங்க நின்னு புகையப் பாத்தா ஓட்டு வராது" என்று நெட்டையக்கா நடந்தாள். இருபத்தேழு பேராகத் தெருவுக்குள் நுழைந்தோம். முதல் வீட்டை அவள்தான் காட்டினாள். தட்டு என்று எனக்குக் கண் காட்டினாள். தட்டினேன். கதவைத் திறந்த அம்மாளின் கையில் துடைப்பம் இருந்தது. இத்தனை பேரைப் பார்த்ததும் அவர் மிரண்டுபோனார்.

"ஓட்டா? எங்க வீட்டுல யாரும் இல்லயே. மகன் ஷிப்டுக்குப் போயிட்டான். மருமக இன்னிக்குத்தான் சலவை ஆலைல புதுசா சேந்திருக்கா. விடியக்காலைல ஆள் அனுப்பிக் கூட்டிட்டுப் போனாங்க. யாரோ வேலைய விட்டுட்டாங்களாம், ரோலர்ல நிக்க ஆள் வேணுமாம்."

திரும்பி நெட்டையக்காவைப் பார்த்தேன். பின்னால் யாரோ என் முதுகில் கை வைத்தார்கள், அப்புறம் இன்னொரு கை.

"அந்த ரோலர்ல தடுப்புக் கம்பி இல்லைங்கம்மா. விரல் உள்ள போனா மெஷின் நிக்காது" என்றேன்.

"ஐயோ! உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க யாரு?"

நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"கம்பி இருக்குதுன்னு பொய்ச் சாட்சி சொன்னவம்மா நான்."